விலை ஏறுதுன்னு தோட்டம் பூரா காபி வைக்கலாமா? - சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி தாண்டிக்குடி பக்கத்துல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காரு. "காபிக்கு இப்ப நல்ல விலை. ஊடால நிக்கிற மலைவாழை, ஆரஞ்சு, மிளகுக்கொடி எல்லாத்தையும் எடுத்துட்டு முழுசா காபியே வச்சா என்னங்க?"ன்னு.

வேண்டாங்கய்யா. ஏன்னு சொல்றேன்.

இலங்கைன்னா இன்னிக்கு நமக்கு டீதான் ஞாபகம் வரும். 1870 வாக்குல அங்க மலைநாடு பூரா காபி. வருஷத்துக்குப் பத்து லட்சம் அந்தர் கிட்ட ஏத்துமதி. ஒரு அந்தர்ங்கிறது 50 கிலோ சொச்சம். காட்டை அழிச்சு மலை மலையா ஒரே செடி. 1869-ல மடுல்சீமைப் பக்கம் இலைத்துருங்கிற நோய் தெரிஞ்சுச்சு. நீங்களும் பாத்திருப்பீங்க. இலைக்கு மேல மஞ்சப் புள்ளி, திருப்பிப் பாத்தா ஆரஞ்சுப் பொடி, தொட்டா விரல்ல ஒட்டும். இலை கொட்டும், செடி மறுபடி துளிர்க்கும், அதுலயும் துரு ஏறும். போகப்போக காய் பிடிக்கவே தெம்பிருக்காது.

இதுல முக்கியமா கவனிக்கணும். மகசூல் விழுந்த அதே நேரத்துல காபி விலை ஏறிக்கிட்டே போச்சு. அதனால கையில வர்ற பணம் குறையல. தோட்டம் வச்சிருந்த வெள்ளைக்காரத் துரைமாருங்க பயப்படாம, கடன் வாங்கி, இன்னும் உசரத்துல காட்டை வெட்டிப் புதுசா காபியே வச்சாங்க. பின்னாடி விலையும் இறங்கினப்ப தோட்டம் மட்டும் போகல. அங்க பெருசா இருந்த ஓரியண்டல் பேங்க் 1884-ல மூடிருச்சு. சனங்க கையில புழங்கின நோட்டு அந்த பேங்க் அடிச்சது. அதுக்கு அரசாங்கமே பொறுப்பேத்துக்க வேண்டியதாப் போச்சு.

தாக்குப்பிடிச்ச துரைமாருங்க சிங்கோனா (கொய்னா மருந்து எடுக்கிற மரம்), தேயிலைன்னு மாறிட்டாங்க. அந்தக் காபித் தோட்ட வேலைக்கு நம்ம சீமையில இருந்து மன்னார் வழியா காட்டுப் பாதையில நடந்தே போன சனத்தை நினைச்சுப் பாருங்க. ஆள் சேத்துக் கூட்டிட்டுப் போற கங்காணிகிட்ட முன்பணம் வாங்கிப் போனவங்க. தோட்டம் நொடிச்சதும் மாசக்கணக்குல கூலி பாக்கி, கடன் மட்டும் அப்படியே தலைமேல. திங்கிற அரிசிகூட இந்தியாவுல இருந்து கப்பல்ல வரணும். எனக்கு மனசு கேக்காத இடம் இதுதான்.

நோய் வந்தாதான் ஆபத்துன்னும் இல்லைங்க. 1989 ஜூலையில சர்வதேச காபி ஒப்பந்தத்துல, எந்த நாடு எவ்வளவு ஏத்துமதி பண்ணலாம்னு அளவு வச்சிருந்த கோட்டா முறை நின்னுச்சு, உலக விலை பாதியா விழுந்துச்சு. காபியையே நம்பியிருந்த ருவாண்டா மாதிரி நாடுங்க ஆடிப்போச்சு. அங்க செடி நல்லாத்தான் இருந்துச்சு.

உங்க தோட்டத்துக்கு வரேன். இன்னிக்கு நட்டா காய்க்க மூணு நாலு வருஷம். அன்னிக்கு என்ன விலைன்னு யாராலயும் சொல்ல முடியாது. காபி வருஷத்துக்கு ஒரு தடவைதான் பணம் தரும். நடுவுல ஆள் கூலிக்கு வாழைத்தார்தான் கை குடுக்கும். மிளகு நிழல் மரத்துல ஏறி நிக்குது, காபிக்கு அதால இடைஞ்சலே இல்ல. அதை எதுக்கு வெட்டணும்? காபி கூட்டியே ஆகணும்னா, பட்டுப்போன செடி இருக்கிற குழியில மட்டும் சந்திரகிரி மாதிரி துரு தாங்குற ரகமா நடுங்க. உங்க பக்கத்துல தாண்டிக்குடியிலயே காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. நாத்து வாங்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு எட்டு போய் கேட்டுக்குங்க.