இல்லாத சனத்திடம் காசு வாங்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். எங்கே போனாலும் நம்மவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இல்லாத சனத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறோம் என்கிறீர்கள், பிறகு ஏன் காசு வாங்குகிறீர்கள்?" கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன், மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில், ஆலைகள் மூடிப் பல காலமான ஒரு பகுதியில், தேவாலய மண்டபம் ஒன்றில் நடக்கிறது எங்கள் கடை. அங்கத்தவர் வாரம் ஐந்து பவுண் கட்டுவார், இறாக்கையில் இருப்பதில் பத்துச் சாமான் தானே பார்த்து எடுப்பார். வெளியில் வாங்கினால் மூன்று நாலு மடங்கு ஆகும். இது நாங்கள் கண்டுபிடித்த முறை இல்லை; 2013இல் ஸ்டொக்போர்ட்டில் தொடங்கியது, இன்று பிரித்தானியாவில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடக்கிறது.

உணவு வங்கி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ட்ரஸல் அமைப்பு 2000இல் சோல்ஸ்பரியில் தொடங்கிய வழக்கம் அது: மருத்துவரோ சமூகசேவை அலுவலரோ சீட்டு எழுதித் தந்தால், குறைந்தது மூன்று நாளுக்கான பொதி கிடைக்கும். திடீரென்று வேலை போனவருக்கு அது பெரிய உதவி. ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவிப்பணமான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தவருக்கு முதல் காசு கைக்கு வர ஐந்து வாரம். இடையில் முற்பணம் வாங்கினால் அதுவும் கடன், பிறகு மாதாமாதம் வெட்டிக்கொள்வார்கள். வேலைக்குப் போகிறவர்களே மாதக் கடைசியில் தள்ளாடுகிறார்கள். வருடக்கணக்காக இழுபடுகிற வறுமைக்கு ஒவ்வொரு முறையும் சீட்டோடு போய் நிற்க முடியுமா?

யாழ்ப்பாணத்து அக்காமார், அண்ணாமாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. 90களில் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றதும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக் கடையில்தான். அதற்கு முந்தி அம்மா பங்குக்காசு கட்டி அங்கத்தவராகி, அரிசியில் கல் இருக்கிறது என்று மனேச்சரோடு சண்டை பிடித்ததும் அதே கடையில்தான். நிவாரண அரிசியைப் பற்றி யார் வாய் திறந்தார்கள்? எங்கள் கடையில் காசு கட்டுகிற சனம் தாராளமாகக் குறை சொல்கிறது, "போன கிழமையும் இதே பாண்தானே" என்று. அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். சொல்லப்போனால் சங்கக்கடைக்கு முன்மாதிரியே எங்கள் கடைக்குப் பக்கத்து ஊர்தான்: 1844இல் ரொச்டேலில் நெசவாளரும் மற்றத் தொழிலாளருமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் போட்டு, வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ், மெழுகுதிரியோடு ஒரு கடை திறந்தார்கள்.

வாங்கிற காசு எங்கே போகிறது என்றால், உபரி உணவைச் சேர்த்து அனுப்புகிற ஃபெயார்ஷேர் அமைப்புக்குக் கட்டணம், கரண்ட், சாமான் ஏற்றுகிற வான். என்ன வரும் என்று வரும்வரை தெரியாது. ஒரு கிழமை யோகட் குவியும், முட்டை ஒன்றுகூட இருக்காது. திகதி பார்ப்பதே பெரிய வேலை. 'பெஸ்ட் பிஃபோர்' தாண்டினால் ருசி கொஞ்சம் குறையலாம், கொடுக்கலாம். 'யூஸ் பை' தாண்டினால் குப்பைதான், மணந்து பார்த்து "நல்லாய்த்தான் இருக்கு" என்கிற கதையே இல்லை. அந்தத் திகதிக்கு முன் ஃபிரீசரில் போட்டுவிட்டால் தப்பும்.

கோயில்களும் சங்கங்களும் அன்போடு அனுப்புகிற கடலை, பருப்பு மூட்டைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். எங்கள் கடை இருக்கிற பகுதியில் பல வீடுகளில் காஸும் கரண்டும் முன்கூட்டியே காசு போடுகிற மீற்றரில் ஓடுகின்றன; காசு போட்டால்தான் அடுப்பு எரியும். கடலையை ஊறவைத்து ஒரு மணித்தியாலம் அவிக்கிற காஸுக்கு யார் காசு தருவது? அதனால் கடலை இறாக்கையிலேயே கிடக்கும், கேத்தில் தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிற நூடில்ஸ் முதலில் போய்விடும். ரின் வாங்கித் தருவதென்றால், கையால் இழுத்துத் திறக்கிற வளையம் வைத்த ரின்னாகப் பாருங்கள். ஒற்றை அறையில் தங்கியிருக்கிறவரிடம் ரின்வெட்டி இருக்காது.

கடைக்குப் பக்கத்து அறையில் தேத்தண்ணி, ஹீற்றர், நாலு மேசை. கடன் ஆலோசகர் வருவதும் அங்கேதான். "உதவி மையம்" என்று பலகை மாட்டினால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். சாமான் எடுத்த கையோடு தேத்தண்ணி குடிக்க உட்காருகிறவர்தான், சில கிழமை போனபிறகு, பையிலிருந்து உடைக்காத கடிதக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார். பெரும்பாலும் கவுன்சில் வரி, அதாவது உள்ளூராட்சி சபைக்குக் கட்டுகிற வரி, நிலுவை. அன்றைக்கு முழுக்க உறைகளை உடைத்துத் திகதிப்படி அடுக்குவதிலேயே போய்விடும், ஆலோசகர் வேலை தொடங்குவது அடுத்த கிழமைதான்.

சரி, நேரம் போகிறது. நான் உண்டியல் கொண்டுவரவில்லை. வேண்டியது வியாழன் காலை ஏழு மணிக்குச் சாமான் இறக்க ஆட்கள், வான் ஓட்டக்கூடிய ஒருவர், பிறகு கடை வைத்திருக்கிறவர்களிடம் மேலதிகமாக ஒரு ஃபிரீசர் இருந்தால் அது. மைனஸ் 18 பிடிக்கவேண்டும், பழுதானதைத் தள்ளிவிடுகிற இடம் இது இல்லை. கூட்டம் முடிந்ததும் கதவுப் பக்கம் நிற்பேன், வந்து பேர் தாருங்கள்.