தும்பை விட்டு வாலைப் பிடிக்காதீர்கள்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கண்டிப்புக்குப் பேர்போன முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த வெயிலிலும் நேரத்துக்கு வந்துவிட்ட பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, ஒலிபெருக்கியோடு மதியத்திலிருந்து மல்லுக்கட்டிய நூலகர் தம்பி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் சகோதரிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பெரியம்மை ஒழிந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, நோய். இரண்டு, தடுப்பூசி. மூன்று, இரண்டு நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பூட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கிருமியை என்ன செய்வது என்பது.

நோயைப் பற்றி இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடும் காய்ச்சல், பிறகு முகத்திலும் கைகால்களிலும் முத்து முத்தாகக் கொப்புளம். கடுமையான வகை வந்தால் மூன்று பேரில் ஒருவர் போய்விடுவார். பிழைத்தவருக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண்ணும் போய்விடும். அம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகுவோம், வெளியாளை உள்ளே விடமாட்டோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிக்கமாட்டோம். நான் இதைக் கேலி பேசுகிறவன் அல்ல. வெளியாள் வராமல் இருப்பது நோய் பரவாமல் இருக்கவும் நல்லதுதானே! ஆனால் அதெல்லாம் அம்மை வந்த பிறகு செய்கிற காரியம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

தும்பைப் பிடித்தவர் எட்வர்ட் ஜென்னர் என்ற இங்கிலாந்து மருத்துவர். 1796 மே 14. பால் கறக்கும் பெண் சாரா நெல்ம்ஸ் கையில், மாட்டிடமிருந்து தொற்றும் லேசான அம்மையான மாட்டம்மைக் கொப்புளம். அதிலிருந்து எடுத்து, தோட்டக்காரர் மகன் ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையன் கையில் குத்தினார். சில வாரம் கழித்துப் பெரியம்மையையே ஏற்றிப் பார்த்தார், வரவில்லை. இன்றைக்கு ஒரு டாக்டர் அப்படிச் செய்தால் நம் அலுவலர் ஐயாவே போலீசைக் கூப்பிடுவார்! அம்மைப்பால் என்று நாம் சொல்லும் அந்தத் தடுப்பு மருந்து பம்பாய்க்கு வந்து, 1802 ஜூன் 14 அன்று ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டது. நம் கிண்டி கிங் நிலையத்தின் தொடக்ககால வேலையே அம்மைப்பால் தயாரிப்பதுதான். மாட்டிடமிருந்து வந்த மருந்துக்கு மாட்டுப் பழமொழி பொருந்தாமல் போகுமா?

இப்போது ஒரு சமையல்காரர் கதை. சோமாலியாவில் மெர்க்கா என்று ஓர் ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தவர் அலி மாவோ மாலின், வயது 23. அம்மை குத்தும் குழுவிலேயே கொஞ்ச நாள் வேலை பார்த்தவர். ஆனால் தான் குத்திக்கொள்ளவில்லை. ஏன் தெரியுமா? வலிக்கும் என்று பயம்! (சிரிக்காதீர்கள். அம்மை குத்த ஆள் வருகிறார் என்றதும் குதிருக்குள் ஒளிந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.) 1977 அக்டோபரில் ஒருநாள், பெரியம்மை கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வழி கேட்டு நிற்கிறது. நம் ஆள், நான் காட்டுகிறேன் என்று தொற்றிக்கொண்டார். போனது சில நிமிடத் தூரம். அது போதுமானதாக இருந்தது. காய்ச்சல் வந்தது, மலேரியா என்றார்கள். கொப்புளம் வந்தது, சின்னம்மை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலினுக்கு மனதுக்குள் தெரியும், வாயைத் திறக்கவில்லை. கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் வெளியே வந்தது. பிறகு பாருங்கள் ஓட்டத்தை! அவரோடு பழகியவர்களை வலைவீசித் தேடினார்கள், ஊரைச் சுற்றிக் காவல் போட்டார்கள், இரண்டே வாரத்தில் 50,000 பேருக்கு மேல் குத்தினார்கள். அவர் பிழைத்தார். உலகத்தில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவர்தான். 1980 மே 8 அன்று நோய் ஒழிந்தது என்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. பிற்காலத்தில் அதே மாலின் போலியோ பிரசாரத்தில் சேர்ந்து, பயந்த தாய்மாரிடம் தன் கதையையே சொல்லி மனதை மாற்றினார். 2013இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியா கண்டு இறந்தார்.

நம் நாட்டிலும் அதே ஓட்டம்தான். 1974இல் ஏறத்தாழ 1,88,000 பேருக்கு அம்மை, 31,000 பேருக்கு மேல் சாவு. பீகார் பற்றி எரிந்தது. மறு ஆண்டு மே மாதத்தோடு முடிந்தது. எப்படி? மருந்து மட்டுமா? கையில் அம்மை முகப்படம் போட்ட அட்டையோடு ஒருவர் வீடுவீடாகப் போய், இந்த மாதிரி யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். அந்த ஒருவர் யார்? ஒரு சுகாதாரப் பணியாளர். அங்கேதான் நான் வருகிறேன்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு செவிலியர் என்பது அரசே வகுத்த கணக்கு. நம் பக்கத்து ஊரில் கட்டடம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. செவிலியர் மூன்று ஊரைச் சேர்த்துப் பார்க்கிறார், பேருந்து வந்தால் வருவார். 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன புரளி வந்தது, நினைவிருக்கிறதா? ஊரிலேயே குடியிருக்கும் ஒரு செவிலியம்மா, "ஏய், உன் பிள்ளைக்கு நான்தானே பிரசவம் பார்த்தேன், கொண்டா இங்கே" என்றால் எந்தப் புரளி நிற்கும்? அவர் குடியிருக்க ஓர் அறை, தண்ணீர், கழிப்பறை, நிரந்தரப் பணி. இதைக் கேட்டு வருஷம் பல ஆயிற்று. தட்டம்மை வந்த பிறகு முகாம் போடுவது, ஐயா, வாலைப் பிடிப்பது.

தலைவர் மணி அடித்துவிட்டார். மூன்றாவது செய்தியை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம், கிருமி பத்திரமாகத்தான் இருக்கிறது. ஊரிலேயே குடியிருக்கும் செவிலியர் கேட்டு எழுதிய மனு பின்மேசையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அலுவலர் ஐயா அரசு ஊழியர், அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். அவர் வீட்டம்மா போடலாம்.