உழைத்துச் சேர்த்ததை விற்பது ஆட்டக்காரரின் உரிமை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும், அவையோருக்கும் என் வணக்கம்.

'ஆன்லைன் விளையாட்டில் கிடைக்கும் பொருளை நிஜப் பணத்துக்கு விற்பது ஆட்டக்காரரின் உரிமையா, ஆட்டத்துக்கு வந்த கேடா?' என்பது இன்றைய தலைப்பு. உரிமையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணன் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். அந்த வாள், கவசம், தங்கக் காசு எல்லாம் கம்பெனியின் சர்வரில் இருக்கும் வெறும் எண்கள், ஆட்டக்காரருக்குச் சொந்தமே கிடையாது என்றார். காசு உள்ளே வந்தால் திறமைக்கு மரியாதை போய்விடும் என்றார். கடைசியாக, இது பிள்ளைகளை ரம்மி மாதிரி சூதாட்டத்தில் கொண்டுபோய் விடும் என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

சொந்தமா இல்லையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நெதர்லாந்தில் லேவார்டன் என்று ஒரு நகரம். 2007-ல் அங்கே ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த 13 வயதுப் பையனை, அவனைவிடச் சற்றே பெரிய இரண்டு பையன்கள் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அடித்தார்கள், உதைத்தார்கள், கத்தியைக் காட்டினார்கள். அவனுடைய கணக்கைத் திறக்க வைத்து, அதிலிருந்த ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் தங்கள் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். வழக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. "தொட முடியாத, கையில் பிடிக்க முடியாத ஒன்றை எப்படித் திருட முடியும்?" என்பதுதான் அங்கேயும் வாதம். அண்ணன் இங்கே சொன்னதும் ஏறக்குறைய அதேதான். 2012 ஜனவரி 31 அன்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அந்தப் பையன் செலவழித்த நேரமும் உழைப்பும் அந்தப் பொருளுக்கு மதிப்பைத் தந்திருக்கின்றன; அது அவன் வசம் மட்டுமே இருந்தது; பறித்த பிறகு அவனிடம் இல்லை. ஆகவே திருட்டுதான் என்றது. விற்கும் உரிமையைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் 'வெறும் எண்கள்' என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது. அதற்கும் முன்பே, 2003-ல், ஓர் ஆட்டக்காரரிடமிருந்து களவுபோன ஆயுதங்களைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆட்டக் கம்பெனிக்கே உத்தரவிட்டது பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று.

சர்வர் கம்பெனியுடையது என்பதை நாங்கள் யாரும் மறுக்கவில்லை. வயல் பண்ணையாருடையதுதான். குத்தகையும் ஒழுங்காகக் கட்டுகிறோம். அதற்காக, உழுது அறுத்தவன் தன் பங்கு நெல்லைச் சந்தைக்கு எடுத்துப்போகக் கூடாது என்று எந்த ஊரிலாவது சொல்வார்களா?

அது உழைப்புதானா என்று தங்கை கேட்டார். 2001-ல் எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், எவர்குவெஸ்ட் ஆட்டத்தில் வரும் நோராத் உலகத்தை ஒரு நாடாகவே வைத்துக் கணக்குப் போட்டார். ஏலத் தளங்களில் அந்த உலகத்துப் பொருள்கள் போன விலையை எடுத்துக்கொண்டு பார்த்தால், ஓர் ஆட்டக்காரர் மணிக்கு 3.42 டாலர் மதிப்புள்ள பொருளை உண்டாக்கினார். தலைக்கு ஆண்டு உற்பத்தி 2,266 டாலர். ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் வைக்கத்தக்க பொருளாதாரம். பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிட்ட ஓர் இடத்தில் இவ்வளவு உழைப்பு கொட்டிக் கிடந்தது.

சரி, இந்த வியாபாரத்தை விதியில் தடைசெய்யும் கம்பெனிகள் பணத்தைத் தொடுவதே இல்லையா? வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் தங்கத்தை வெளியே விற்றால் கணக்கை முடக்குவார்கள். 2015-ல் அதே கம்பெனி டோக்கன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நீங்கள் 20 டாலர் கொடுத்து டோக்கன் வாங்கி, உள்ளே இருக்கும் ஏலக் கடையில் தங்கத்துக்கு விற்கலாம். தங்கம் கொடுத்து அதை வாங்கியவருக்கு ஒரு மாதம் ஆடும் நேரம் கிடைக்கும். அந்த ஒரு மாதத்துக்கு வழக்கமான சந்தா 15 டாலர். அதாவது நிஜப் பணம் கொடுத்துத் தங்கம் வாங்கலாம், தப்பில்லை. இரவெல்லாம் ஆடித் தங்கம் சேர்த்தவர் கையில் மட்டும் ஒரு காசும் வரக்கூடாது. நடுவில் இருக்கும் கம்பெனிக்கு மாதத்துக்கு 5 டாலர் கூடுதல். ரூன்ஸ்கேப் கம்பெனியும் 2013-ல் பாண்டு என்ற பெயரில் இதே வழிக்கு வந்தது.

கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தின் துப்பாக்கி ஸ்கின்னை, அதாவது துப்பாக்கிக்குப் போடும் அலங்காரத்தை, விற்கலாம், அதற்கு அனுமதி உண்டு. விலையில் 15 சதவீதத்தைத் தளமும் ஆட்டமுமாக எடுத்துக்கொள்ளும். மிச்சம் உங்கள் ஸ்டீம் வாலட்டில் விழும். அதை வங்கிக்கு மாற்ற முடியாது, அங்கேயே செலவு செய்ய வேண்டும். நடுவர் ஐயா, நிஜப் பணம் உள்ளே வருவதை இவர்கள் யாரும் எதிர்க்கவில்லை. அது ஆட்டக்காரர் வழியாக வெளியே போவதைத்தான் எதிர்க்கிறார்கள்.

கூலிக்கு ஆள் வைத்து ஆடி ஆட்டத் தங்கம் சேர்த்து விற்கும் சீனப் பட்டறைகளைப் பற்றி எதிரணித் தங்கை உருக்கமாகப் பேசினார். 2007-ல் நான்ஜிங் நகரத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி வெளியான செய்தியில் ஒரு கணக்கு இருந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வாரம் ஏழு நாளும் வேலை. நூறு தங்கம் சேர்த்தால் ஆடியவருக்கு 1.25 டாலர். மணிக்கு 30 சென்ட் தேறும். பட்டறை முதலாளி அதை 3 டாலருக்கோ கொஞ்சம் மேலோ இணையக் கடைக்காரரிடம் தள்ளுவார். கடைசியில் அமெரிக்க ஆட்டக்காரர் கொடுத்த விலை 20 டாலர் வரை. தங்கை இதைப் பார்த்து, வியாபாரத்தைத் தடை செய்யுங்கள் என்கிறார். தடை ஏற்கெனவே இருந்ததுதானே! அப்படி இருந்தும் 20 டாலரில் ஒண்ணேகால் டாலர்தான் உழைத்தவருக்கு வந்தது. நேரடியாக விற்க வாசல் இல்லாத பண்டத்தில் இடைத்தரகர்தான் ராஜா. அந்தத் தொழிலாளி தானே கடைவிரிக்க முடிந்திருந்தால் யாருக்காக இந்தப் பட்டறையில் உட்கார்ந்திருப்பார்?

அப்புறம் வெனிசுலா. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். 2017 வாக்கில் அந்த நாட்டுப் பணம் காகிதமாகிவிட்டது. ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளத்தை வெளிச்சந்தை விலையில் மாற்றினால் கையில் நிற்பது சில டாலர்தான். ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவமான ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் பழைய கணினியிலும் ஓடும், மெதுவான இணைய இணைப்பிலும் ஓடும். ஆகவே ஆயிரக்கணக்கானவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். வைல்டர்னஸ் என்ற பகுதியில் பச்சை டிராகன்கள் திரியும். ஒன்றைக் கொன்றால் அதன் எலும்பும் தோலும் கீழே விழும். பொறுக்கிக்கொள்ள வேண்டும். பையில் 28 இடம்தான். நிறைந்ததும் பத்திரமான இடத்துக்கு ஓடி, வங்கியில் வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். மறுபடியும் டிராகன், மறுபடியும் எலும்பு. அந்தப் பகுதியில் வேறொரு ஆட்டக்காரர் உங்களைக் கொன்று பையில் இருப்பதைப் பறிக்கலாம், ஆட்ட விதி அதை அனுமதிக்கிறது. இப்படி நாளெல்லாம் சேர்த்த தங்கத்தை டாலருக்கோ பிட்காயினுக்கோ விற்று மாவும் மருந்தும் வாங்கினார்கள். அந்த ஆண்டே, வெனிசுலாக்காரர்களை அடையாளம் கண்டு துரத்திக் கொல்வது எப்படி என்று ஒரு வழிகாட்டி எழுதிப் பரப்பினார்கள் சில ஆட்டக்காரர்கள். ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு அந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்தே செய்தார்கள். எனக்கு அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. 'ஆட்டத்துக்குக் கேடு' என்று பேசுகிறவர்கள், எது கேடு என்பதை இந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டும்.

ஆளில்லாமல் தானே ஆடும் பாட் நிரல்களை ஓடவிட்டு நூறு கணக்குகளில் தங்கம் கறப்பவருக்காக நான் பேசவில்லை. அது வேறு, தன் கையால் ஆடிச் சேர்ப்பது வேறு. அவர்களைத் தடுக்கட்டும், நல்லது.

திறமைக்கு மரியாதை போய்விடும் என்பதற்கு அண்ணன் டயாப்லோ 3 என்ற ஆட்டத்தைச் சாட்சிக்கு அழைத்தார். 2012-ல் கம்பெனியே நிஜப் பண ஏலக் கடையைத் திறந்தது, 2014 மார்ச்சில் மூடியது. உண்மை. ஆனால் அந்த ஆட்டத்தின் சுகமே அசுரனைக் கொன்று நல்ல ஆயுதம் விழுமா என்று பார்ப்பதில்தான். விழுகிற ஆயுதம் எதுவும் உருப்படியாக இல்லை, எல்லாவற்றையும் கடையில்தான் தேட வேண்டும் என்ற நிலையைக் கம்பெனி உண்டாக்கியது. தங்கத்துக்கு நடந்த ஏலக் கடையையும் சேர்த்தே மூட வேண்டியிருந்தது என்பதை அண்ணன் சொல்லாமல் விட்டார். காசுதான் நோய் என்றால், காசு புழங்காத கடையை ஏன் மூடினார்கள்? இன்னொரு பக்கம் ரூன்ஸ்கேப். வெளி வியாபாரத்தை ஒழிக்கிறோம் என்று 2007-2008 வாக்கில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் தாராளமாகக் கொடுக்கல் வாங்கல் செய்வதையே நிறுத்தினார்கள். நண்பனுக்கு ஒரு நல்ல பொருளைச் சும்மா கொடுக்கக்கூட வழியில்லை. பிறகு வாக்கெடுப்பு வைத்தபோது பத்தில் ஒன்பது பேர் பழையபடி விடுங்கள் என்றார்கள். 2011 பிப்ரவரியில் திரும்பக் கொடுத்தார்கள்.

சூதாட்டம் பற்றி எனக்கும் அண்ணனுக்கும் பாதி உடன்பாடு உண்டு. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2.49 டாலருக்குச் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்தால் கத்தி வருமா வராதா என்பது சூதுதான். சீனாவில் வெளியிட்ட கணக்குப்படி கத்தி கிடைக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுக்கும் குறைவு. பெல்ஜியம் 2018-ல் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அதைத் தடை செய்யுங்கள், எங்கள் அணி முதல் கையெழுத்துப் போடும். ஆனால் அந்தப் பெட்டியை விற்பது ஆட்டக்காரர் இல்லையே, கம்பெனி. ரம்மியில் பணத்தைப் பந்தயம் வைக்கிறோம். இங்கே சேர்த்த பொருளை விற்கிறோம். தென்கொரிய உச்ச நீதிமன்றம் 2009 இறுதியில் லினியேஜ் ஆட்டத்தின் அடேனா நாணயத்தை வாங்கி விற்ற இருவரை விடுதலை செய்தபோது இந்த வேறுபாட்டைத்தான் பார்த்தது.

நம் ஊருக்கு வருகிறேன். பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடும் பையன்கள் டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் ஐடி, அதாவது தங்கள் ஆட்டக் கணக்கை, விற்பதும் வாங்குவதும் இங்கே பல பெற்றோருக்குத் தெரியாது. கிளேசியர் எம்4 என்ற அரிய துப்பாக்கி ஸ்கின், மித்திக் டிரஸ் என்ற அரிய உடை உள்ள ஐடி என்று ஸ்க்ரீன்ஷாட் போடுவார்கள். மிடில்மேன் ஒருவர் நடுவில் வருவார். ஜிபேயில் பணம் போகும். வாங்கியவர் இரண்டு நாள் ஆடுவார். மூன்றாம் நாள், முதலில் இணைத்திருந்த மெயிலை வைத்து விற்றவரே ஐடியைத் திரும்ப இழுத்துக்கொள்வார். மிடில்மேன் பிளாக் செய்துவிடுவார். கம்பெனியிடம் சொன்னால், ஐடி வாங்கியதே விதிமீறல் என்று பதில் வரும். போலீஸுக்குப் போக அந்தப் பையனுக்குப் பயம். வீட்டில் சொல்ல அதைவிடப் பயம். இந்த மோசடியைக் காட்டித்தான் எதிரணி தடை கேட்கிறது. முறையிட ஓர் இடம் இல்லாததால்தானே இந்த மோசடி இவ்வளவு துணிச்சலாக நடக்கிறது?

நாங்கள் கேட்பது நடக்காத காரியம் இல்லை. 2005-ல் சோனி எவர்குவெஸ்ட் 2 ஆட்டத்தில் ஸ்டேஷன் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு சந்தையைத் தானே திறந்தது. அதற்கென்று தனி சர்வர்கள். பணத்துக்கு வாங்கி விற்க விரும்புகிறவர்கள் அங்கே ஆடலாம். காசு வாடையே வேண்டாம் என்பவர்கள் மற்ற சர்வர்களில் ஆடலாம். முதல் ஆண்டில் 18 லட்சம் டாலருக்கு மேல் வியாபாரம் நடந்தது. அண்ணன் பயப்படும் திறமையின் மரியாதைக்கு அங்கே தனி இடம் இருந்தது, உழைத்தவரின் கூலிக்கும் இடம் இருந்தது.

நாங்கள் கேட்பது இவைதான்: அதே மாதிரி தனி சர்வர், பதினெட்டு வயது நிரம்பியவருக்கு மட்டும் விற்கும் அனுமதி, பொருள் கைமாறும் வரை பணத்தைக் கம்பெனி பிடித்துவைத்துப் பிறகு வங்கிக் கணக்கில் சேர்ப்பது, பிரச்சினை என்றால் பெயரும் பதிலும் உள்ள ஓர் இடத்தில் புகார் கொடுப்பது. கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அடுத்து மறுபடியும் பேச வரும் எதிரணித் தங்கை, இதில் எந்த ஏற்பாட்டை எதற்காக மறுக்கிறார் என்று நடுவர் ஐயா முன்னால் சொல்லட்டும். வணக்கம்.