காற்று வந்தால் கூட்டம் வரும்

வணக்கம். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் வயலின் வாசிக்கிறேன் என்று சொன்னதும் நம் ஆட்கள் முகத்தில் சின்னத் தயக்கம் தெரியும். "வேலை ஒண்ணும் கிடைக்கலையாம்மா?" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிடுவார்கள். வேலை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டு மணி நேரம் பூமிக்கு அடியில் போய் நிற்கிறேன்.

கண்ட இடத்தில் நின்று வாசித்துவிட முடியாது. 2003-க்கு முன்னால் இங்கே வாசிப்பதே விதிமீறல், பிடித்தால் அபராதம். அந்த ஆண்டுதான் உரிமம் கொடுக்கும் முறை வந்தது. தேர்வாளர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், அப்புறம் எந்த நிலையம், எந்த நேரம் என்று முன்பதிவு செய்ய வேண்டும். நடைபாதைத் தரையில் அரைவட்டம் ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் நம் சபா.

எனக்கு முதல் சிக்கல் அந்த அரைவட்டத்தில் நிற்பதுதான். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது காலில் ஊன்றி வாசிக்கப் பழகியவள். அப்படி ஊன்றினால்தான் வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இருக்காது. சுரத்தை அசைக்கும் கமகத்துக்காகத் தந்தியில் மேலும் கீழும் தாராளமாக வழுக்கலாம். நின்றுகொண்டு, தாடையில் இடுக்கிக்கொண்டு தோடி ராகத்தை அசைத்துப் பாருங்கள், தெரியும். மூன்று மாதம் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். கழுத்து வலி இன்னும் முழுதாகப் போகவில்லை.

அடுத்தது சுருதி. மின்படிக்கட்டு நாள் முழுக்க ஒரே ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும். நம் சுருதி அதோடு லேசாக மோதினாலும் காது கூசும். அதனால் போன உடனே தம்புரா தேடுவதில்லை, படிக்கட்டைக் கேட்டுவிட்டு அரைக்கட்டை ஏற்றியோ இறக்கியோ தந்தியை முறுக்கிக்கொள்வேன். ஓடு பதித்த சுவர்கள் நல்ல துணை. ஒரு இழுப்பு இழுத்தால் நாலு பேர் சேர்ந்து வாசிப்பது மாதிரி திரும்பி வரும். சுரங்களை வேகமாக அடுக்கிப் பிருகா போட்டால் மட்டும் எல்லாம் கலந்து கூழாகிவிடும்.

ஆனால் உண்மையான பாடம் நேரம்தான். கச்சேரியில் ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் விரிக்கலாம். இங்கே ஒருவர் திருப்பத்தில் என் சத்தத்துக்குள் நுழைந்து, அடுத்த திருப்பத்தில் வெளியேற அதிகம் போனால் பதினைந்து விநாடி. அந்தப் பதினைந்து விநாடிதான் அவருக்குக் கச்சேரி. படிக்கட்டின் அடி கொஞ்சம் பரவாயில்லை. ஏஞ்சல் நிலையத்துப் படிக்கட்டு 60 மீட்டர், இந்த ரயில் அமைப்பிலேயே அதுதான் நீளம். அதில் நின்றுகொண்டே வருகிறவர் ஒரு நிமிடத்துக்கு மேல் நம் வசம். எங்களுக்கு அது ராகத்தை விரித்து வாசிக்கும் பெரிய ஆலாபனை.

ரயில் வருவதற்கு முன்னால் அது சுரங்கத்துக்குள் தள்ளிக்கொண்டு வரும் காற்று நடைபாதை வரை வந்து கன்னத்தில் அடிக்கும். ஆரம்பத்தில் அது பெட்டிக்குள் கிடந்த ஐந்து பவுண்டு நோட்டைப் பறக்கவிடும் சனியனாகத்தான் தெரிந்தது. பிறகுதான் கணக்குப் புரிந்தது. காற்று வந்து கொஞ்ச நேரத்தில் கூட்டம் வரும். காற்று அடித்ததும் வாசித்துக்கொண்டிருப்பதை மெல்ல முடித்து, கூட்டம் திருப்பத்தில் நுழையும் நேரத்துக்குச் சரியாகப் பல்லவியை எடுப்பேன். அவர்கள் போனதும் எனக்காக நாலு வரி சஞ்சாரம். மறுபடி காற்று.

பல்லவி பெரும்பாலும் மோகன ராகம். ஐந்தே சுரம், பல நாட்டுப் பாட்டுகளிலும் அதே ஐந்துதான். சீனர் ஒருவர் நின்று, "இது எங்கள் ஊர்ப் பாட்டுதானே?" என்று கேட்டார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரும் அப்படியே கேட்டார். இரண்டு பேருக்கும் ஆமாம் என்றேன்.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஜோஷுவா பெல் கதையைச் சொல்லிவிடுவார்கள். 2007 ஜனவரியில், வாஷிங்டன் மெட்ரோ நிலையத்தில், உலகப் புகழ் பெற்ற அந்த வயலின் கலைஞர் தொப்பி போட்டுக்கொண்டு, 1713-இல் செய்த, ஸ்டிராடிவாரியஸ் என்ற விலைமதிப்பற்ற வயலினை 43 நிமிடம் வாசித்தார். ஒரு நாளிதழ் வைத்த சோதனை. கடந்து போனவர்கள் 1,097 பேர், நின்று கேட்டவர்கள் ஏழே பேர், விழுந்தது 32 டாலர் சொச்சம். மக்களுக்கு ரசனை செத்துவிட்டது என்று இதை வைத்துப் புலம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலை எட்டு மணிக்கு, அலுவலகம் போகிற கூட்டத்தின் முன்னால், கால் மணி நேரம் விரியும், மேற்கத்திய இசை மேதை பாஹின் உருப்படியை எடுத்தால் யார் நிற்பார்கள்? நிற்காதவர்கள் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அப்புறம், 43 நிமிடத்தில் 32 டாலர் என்பது எங்கள் தொழிலில் நல்ல போணி!

போணி என்றதும் நினைவு வருகிறது. காலிப் பெட்டியில் யாரும் காசு போட மாட்டார்கள். நாமே இரண்டு மூன்று நாணயம் போட்டு வைக்க வேண்டும். இப்போது அட்டையைத் தட்டும் கருவியும் வைத்திருக்கிறேன். வசதிதான், ஆனால் நாணயம் விழும் சத்தம் அதில் இல்லை. அந்தச் சத்தம் எனக்குத் தலையாட்டல் மாதிரி.

ஒரு நாள் ராத்திரி தாலாட்டு ராகமான நீலாம்பரி வாசித்துக்கொண்டிருந்தேன். துப்புரவு வேலை உடுப்போடு போன தம்பி ஒருவர் திரும்பி வந்தார். "அக்கா, நீங்கள் தமிழோ? அம்மம்மா இப்பிடித்தான் பாடி நித்திரையாக்குவா" என்றார். கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். காசு போட மறந்துவிட்டார், நானும் கவனிக்கவில்லை.

போன நவராத்திரிக்கு ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு வீட்டில் கச்சேரி. ஜமக்காளம், குத்துவிளக்கு, சுண்டல் எல்லாம் உண்டு. காலில் வயலினை ஊன்றி உட்கார்ந்தேன், கை சுதந்திரமாக இருந்தது. கல்யாணி ராகத்தை எடுத்து, நிதானமாக ஏற வேண்டிய மேல் ஷட்ஜத்துக்கு அரை நிமிடத்தில் போய்விட்டேன். மிருதங்கக்காரர் குனிந்து காதோடு கேட்டார்: "என்னம்மா, ரயிலுக்கு நேரமாச்சா?"