நான்கு மணி நேர டியூட்டி

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் தினம் என்றால் விளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று மில்ட்ரெட் டால்டன் என்கிற சிஸ்டரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1914இல் பிறந்தவர். அட்லாண்டாவில் நர்சிங் படித்துவிட்டு 1939இல் ராணுவச் செவிலியர் படையில் சேர்ந்தார். கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டுமே அன்றைக்கு அதில் இடம். 1941 அக்டோபரில் பிலிப்பைன்ஸுக்கு மாற்றல். பெட்டியைப் பிரித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இரண்டாம் உலகப் போர் அங்கேயும் வந்துவிட்டது: டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன.

அப்புறம் பட்டான் தீபகற்பத்துக் காடு. அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூரையே கிடையாது. மரத்தடியில் கட்டில்களை வரிசையாகப் போட்டதுதான் வார்டு. மலேரியாவுக்குக் கொயினா போதவில்லை. அரிசி தீர்ந்துகொண்டே வர, குதிரைப்படையின் குதிரைகளையே அறுத்துச் சாப்பிடும் நிலை. 1942 ஏப்ரலில் பட்டான் ஜப்பானியர்கள் கையில் விழுந்தது, மே 6இல் கொரிகிடோர் தீவும் விழுந்தது. ராணுவச் செவிலியர் 66 பேரும் கடற்படைச் செவிலியர் 11 பேரும் கைதிகளானார்கள். அவர்களில் மில்ட்ரெட்டும் ஒருவர்.

மணிலாவில் 1611இல் தொடங்கிய சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தையே ஜப்பானியர்கள் முகாமாக மாற்றியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பொதுமக்கள் அதற்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கே ராணுவச் செவிலியர்களுக்குத் தலைவியாக இருந்தவர் கேப்டன் மாட் டேவிசன். வயது 57, ரொம்பக் கண்டிப்பானவர். எல்லாருக்கும் சீருடை, எல்லாருக்கும் தினம் நான்கு மணி நேரம் முகாம் ஆஸ்பத்திரியில் டியூட்டி என்று உத்தரவு போட்டார். கைதிக்கு எதற்கு டியூட்டி ரோஸ்டர் என்று நமக்குத் தோன்றலாம். அவர்களைக் காப்பாற்றியது அந்த ரோஸ்டர்தான் என்பது என் உறுதியான எண்ணம். காலையில் எழுந்தால் யாரோ ஒருவருக்குக் கட்டு மாற்ற வேண்டும், யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும். படுத்தே கிடக்க வழியில்லை.

கடைசி ஆண்டு, 1944, கொடுமையான ஆண்டு. ‘லுகாவ்’ என்று அங்கே ஒரு உணவு உண்டு, நம் அரிசிக் கஞ்சிதான். அது நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே போனது. அரிசியில் புழு இருந்தாலும் அப்படியே கொதிக்கவைத்துக் குடித்தார்கள். செம்பருத்தி இலையைக்கூடப் பறித்துச் சமைத்தார்கள். இறந்தவர்களின் சான்றிதழில் பட்டினி என்று எழுதாதே என ஜப்பானியர்கள் மிரட்டியபோது, முகாம் டாக்டர் தியடோர் ஸ்டீவன்சன் மறுத்துவிட்டார். அதற்காக அவரைச் சிறையில் போட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், நிற்கவே தெம்பில்லாத பெண்கள் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1945 பிப்ரவரி 3 இரவு அமெரிக்க டாங்கிகள் கதவை உடைத்து உள்ளே வந்தபோது கேப்டன் டேவிசனின் எடை 36 கிலோ. கடற்படைச் செவிலியர்கள் வேறொரு முகாமிலிருந்து அதே மாதம் மீட்கப்பட்டார்கள். 77 பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

மில்ட்ரெட்டும் திரும்பினார். போர்ச் செலவுக்கு அரசாங்கம் மக்களிடம் கடன் வாங்கும் போர்ப் பத்திரம் விற்பதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசச் சொன்னார்கள். அப்படிப் போன இடத்தில் ஒரு பத்திரிகையாளர் பழக்கமாகி, அவரையே கல்யாணம் செய்துகொண்டு மில்ட்ரெட் மேனிங் ஆனார். ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் நகரில் குடித்தனம், குழந்தைகள்.

ஒரு விஷயம் மட்டும் என் மனதை விட்டுப் போவதில்லை. முகாமின் ஊட்டக்குறைவால் அவருக்குப் பல் மொத்தமும் போய்விட்டது. அந்த அம்மா தன் பிள்ளைகளுக்குத் தட்டில் சோறு போடுவதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பாதி சாப்பாட்டை ஒதுக்கி வைத்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? நைட் டியூட்டி முடித்து வந்த கையோடு அடுப்பு பற்றவைத்த ஒரு தாயின் பிள்ளை நான். அதனால்தான் அந்த அடுப்படி எனக்குப் போர்க்களத்துக்குக் குறைந்த இடமாகத் தெரிவதில்லை.

அவருக்கு 98 வயது வரை ஆயுள் கெட்டி. நியூ ஜெர்சியில் காலமானார். தேதி 2013 மார்ச் 8, மகளிர் தினம். அந்த 77 பேரில் கடைசியாக இருந்தவர் அவர்தான்.