தெரிந்த அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். தொழில் செய்கிறவர்கள் எடுக்க வேண்டியிருக்கும் கஷ்டமான முடிவுகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். நான் திருப்பூரில் சின்ன அளவில் பனியன் கம்பெனி நடத்துகிறவன், ஏற்றுமதி கொஞ்சம், உள்நாட்டு வேலை கொஞ்சம். எனக்குத் தெரிந்தது அந்த ஊர்தான், அதை வைத்தே பேசுகிறேன்.

கஷ்டமான முடிவு என்றால் கடன் வாங்கி மெஷின் போடுவது, வேலையை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்குவது, இப்படித் துணிந்து தொடங்குகிற முடிவுகளைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவையெல்லாம் ஒரு உற்சாகத்தில் நடந்துவிடும், வீட்டில் விளக்கேற்றி, நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டுவிடுவோம். தூக்கத்தைக் கெடுப்பது கெட்ட செய்தியோடு வருகிற முடிவு. ஆர்டரை முடிக்க முடியாது என்று சொல்வது, யூனிட்டை மூடுவது, ஆளைக் குறைப்பது. மனசுக்குள் முடிவு தெரிந்துவிடும், வாய்தான் வராது. அந்தத் தயக்கத்தில் போகிற பணம் நஷ்டத்தில் போகிற பணத்தைவிட அதிகம் என்பது நான் எங்கள் ஊரில் கண்கூடாகப் பார்த்தது.

2011 ஜனவரி கடைசியில், சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலக்கும் வழக்கில், திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள். அந்த ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையைப் போய்ப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, சுற்றி இருந்த கிணறும் நிலமும் கெட்டுப்போயிருந்தன. நியாயம் விவசாயிகள் பக்கம் இருந்தது. இதை நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஆனால் நிட்டிங்கில், அதாவது துணி பின்னுகிற இடத்தில் இருந்து வந்த துணி சாயத்துக்குப் போகவில்லை என்றால் கட்டிங் டேபிள் காலி, கட்டிங் இல்லையென்றால் ஓவர்லாக், பேட்லாக் என்கிற தையல் மெஷின்கள், செக்கிங், அயர்னிங் எல்லாம் சும்மா. துணியை லாரியில் வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வாங்கினவர்கள் உண்டு. லாரி வாடகையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், முதல் லாட்டும் அடுத்த லாட்டும் ஷேடு ஒத்துப்போகாமல் உடம்பு ஒரு நிறம் கை ஒரு நிறமாக வந்து நின்ற துணியை என்ன செய்வது? அந்த நேரத்தில் பலர் பையரிடம், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவரிடம், 'அடுத்த வாரம் சரக்கு ஏறிவிடும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் போக வேண்டிய சரக்கு நம்மால் தாமதமானால், நம் செலவில் விமானத்தில் அனுப்பு என்பார்கள். இல்லையென்றால் விலையில் தள்ளுபடி கேட்பார்கள். ஒரே ஒரு ஏர் ஷிப்மெண்ட்டில் வருஷ லாபத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் அந்த வாரமே பையருக்கு எழுதினேன். பாதிதான் என்னால் முடியும், மீதியை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அனுப்பிவிட்டு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது உண்மை. கைவிட்டுப் போன அந்தப் பாதி ஆர்டர் திரும்பி வரவே இல்லை, யாரும் நல்ல முடிவு எடுத்தால் நல்லதே நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பையர் மட்டும் எங்களை விட்டுப் போகாமல் நின்றார்.

அதைவிடக் கஷ்டம் ஆட்களிடம் சொல்வது. எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் பணம் வாங்கினால்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாமான். அப்படி ஒரு சனிக்கிழமை, கவர்களை மேஜையில் வைத்துவிட்டு, எல்லோரையும் செக்கிங் டேபிளைச் சுற்றி உட்காரச் சொல்லி, கையில் இருக்கிற துணி எத்தனை கிலோ, அதில் எத்தனை பீஸ் வரும், அது எத்தனை ஷிப்டுக்குக் காணும் என்று போர்டில் எழுதிக் காட்டினேன். சத்தமே இல்லை. கடைசியில் கட்டிங் மாஸ்டர்தான் எழுந்தார். "இப்படி முன்னாடியே சொல்லிப்போட்டீங்கன்னா, நாங்க ஏதாச்சும் வழி பாத்துக்குவமுங்க. கேட்டைப் பூட்டிட்டு சொன்னாத்தானுங்க கஷ்டம்" என்றார். சிலர் பக்கத்து வேலைக்குப் போனார்கள், சிலர் வாரத்தில் பாதி நாள் வந்தார்கள்.

அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு உபயோகமாக இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி என்று ஆனபோது, அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த கம்பெனிகள் ஆடிப்போயின. எங்களிடமும் கொஞ்சம் இருந்தது. அந்த முறை யோசிக்க வேண்டியதாகவே இல்லை, செய்தி உறுதியானதும் அதே போர்டு, அதே கணக்கு, இந்த முறை ஒடிசா, பீகார் பையன்களுக்குப் புரிகிற மாதிரி ஹிந்தியிலும். ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பதா, இருப்பதா என்று அவர்களும் முடிவு பண்ண வேண்டும் இல்லையா? வளர்ச்சி என்று என்னிடம் ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்: தெரிவதற்கும் சொல்வதற்கும் நடுவில் இருக்கிற நாட்கள் குறைந்திருக்கின்றன.

புதிதாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகளுக்கு 'விடாதே, விடாதே' என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. விடாமல் பிடித்துக்கொண்டு, கடைசியில் கந்து வட்டிக்கு வாங்கி, மனைவியின் தாலிக்கொடி வரை அடகுக்குப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தொடங்கும்போதே எந்தத் தேதி வரைக்கும், எவ்வளவு பணம் வரைக்கும் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடமும் ஆடிட்டரிடமும் கொடுத்துவிடுங்கள். அந்தத் தேதி வந்தால் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும்.

பாக்கி வசூலும் இதே மாதிரிதான். 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி. சட்டம் இருக்கிறது, ஆனால் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். தொடர்ந்து இழுத்தடித்த ஒரு கம்பெனிக்கு நான் துணி வெட்டுவதை நிறுத்தினேன், அப்புறம்தான் பழைய பாக்கி தவணை தவணையாக வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு முடிவு காத்திருக்கிறது. திருப்பூர் பருத்தியில் வளர்ந்த ஊர், உலகம் முழுக்க உடுத்துவதோ பாலியஸ்டர் மாதிரி செயற்கை இழைதான் அதிகம். அந்தப் பக்கம் போகலாம் என்கிறாள் என் மகள். பாலியஸ்டருக்குச் சாயம் ஏற 130 டிகிரி சூடு வேண்டும், பருத்திச் சாயத்துக்கு 60 போதும், ஆக டையிங்காரரையே மாற்ற வேண்டும், தையலில் ஊசி, நூலில் இருந்து மாறும். எனக்குப் பயம் இருக்கிறது, அவளிடம் சொல்லியும் விட்டேன். பொங்கலுக்குள் செலவுக் கணக்கை எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறாள், மாஸ்டரையும் கூப்பிட்டு உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். வணக்கம்.