பாரா-டைகுளோரோபென்சீனில் முனைவு எங்கே போகிறது?

[திரையில்: பட்டுப் புடவை மடிப்பில் ஒரு வெள்ளை அந்துருண்டை]

பீரோவில் துணிகளுக்கிடையே வைக்கும் அந்துருண்டைகளில் ஒரு வகை பாரா-டைகுளோரோபென்சீனால் ஆனது. பென்சீன் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் இரண்டு குளோரின் அணுக்களைக் கொண்ட சேர்மம் இது. கார்பனைவிடக் குளோரின் எலக்ட்ரான்களை வலுவாகத் தன்பால் இழுப்பதால் இரண்டு கார்பன்–குளோரின் பிணைப்புகளும் முனைவுள்ளவையே; அதாவது குளோரின் பக்கம் சற்று எதிர்மின்னும் கார்பன் பக்கம் சற்று நேர்மின்னும் கொண்டவை. ஆயினும் மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மொத்த முனைவின் அளவையும் திசையையும் ஓர் அம்பாகக் காட்டும் அளவு, பூஜ்ஜியம்.

[திரையில்: அறுகோணம், நடுவில் ஒரு புள்ளி]

எந்த அணுவிலிருந்தும் இந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், மறுபுறம் அதே தொலைவில் அதே வகை அணு நிற்கும். இப்புள்ளியைச் சமச்சீர் மையம் என்கிறோம். மூலக்கூறை இம்மையத்தின் வழியே தலைகீழாக்கினால், அதாவது ஒவ்வோர் அணுவையும் மையத்தின் மறுபுறம் அதே தொலைவுக்கு மாற்றினால், அது மாறுவதில்லை; ஆனால் அதில் திருப்புத்திறன் என்னும் அம்பு இருந்திருந்தால் அது எதிர்த்திசைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பியும் மாறாத அம்பு, நீளமே இல்லாத அம்பு மட்டும்தான். இந்த வாதத்தில் கணக்கே தேவைப்படவில்லை என்பதுதான் இதன் அழகு.

[திரையில்: ஆர்த்தோ, மெட்டா வடிவங்கள்]

அதே அணுக்களை இடம் மாற்றுவோம்: இரண்டு குளோரின்களும் அடுத்தடுத்த கார்பன்களில் இருந்தால் ஆர்த்தோ, இடையில் ஒரு கார்பன் விட்டு இருந்தால் மெட்டா, எதிரெதிரே இருந்தால் பாரா. ஒரே குளோரின் கொண்ட குளோரோபென்சீனின் திருப்புத்திறன் சுமார் 1.7 டிபை (திருப்புத்திறனின் அலகு). மெட்டா வடிவில் இத்தகைய இரண்டு அம்புகள் 120 பாகைக் கோணத்தில் சேர்வதால் மீண்டும் 1.7 கிடைக்க வேண்டும். அளவீடும் ஏறத்தாழ அதையே தருகிறது. ஆர்த்தோ வடிவில் கோணம் 60 பாகை; கணக்கின்படி 2.9 வர வேண்டும், ஆனால் அளந்தால் சுமார் 2.5 டிபைதான், ஏனெனில் அருகருகே இருக்கும் குளோரின் அணுக்கள் ஒன்றின் முனைவை மற்றொன்று குறைத்துவிடுகின்றன.

ஆர்த்தோ, பாரா இரண்டையும் ஒப்பிட்டால் கொதிநிலை முனைவைப் பின்பற்றுகிறது: ஆர்த்தோ 180 டிகிரி செல்சியசிலும் பாரா 174 டிகிரியிலும் கொதிக்கின்றன. உருகுநிலையோ நேர்மாறானது. ஆர்த்தோ உருகுவது மைனஸ் 17 டிகிரியில். சீரான வடிவத்தால் படிகத்தில் நெருக்கமாக அடுக்கப்படும் பாரா உருகுவது 53 டிகிரியில். அந்துருண்டை அறை வெப்பநிலையில் திண்மமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

[திரையில்: ஹைட்ரோகுயினோன், சுழலும் இரண்டு ஹைட்ரஜன்கள்]

தாளில் வரைந்த சமச்சீரை மட்டும் நம்பிவிடக் கூடாது. குளோரினுக்குப் பதிலாக ஹைட்ராக்சில் தொகுதிகள் அமைந்த ஹைட்ரோகுயினோனும் பாரா வடிவமே. எனினும் அதன் திருப்புத்திறன் சுமார் 1.4 டிபை. ஆக்சிஜனில் பிணைப்பு வளைந்திருப்பதாலும், கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பைச் சுற்றி ஹைட்ரஜன் சுழல்வதாலும், இரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கம் சாய்ந்த மூலக்கூறுகளும் கலவையில் எப்போதும் இருக்கின்றன. அவற்றுக்குச் சமச்சீர் மையம் கிடையாது.